நஞ்சறி கருவிகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் நம்மவர் கண்முன் முதலில் தோன்றுவது ஆண்டாள் திருக்கோயிலின் வானளாவிய கோபுரம். அடுத்து நாவில் ஊறுவது பால்கோவாவின் சுவை. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அவ்வினிப்பின் மேன்மையெல்லாம் பாலின் மேன்மையே என்பதைச் செய்வோர் நன்கறிவர். ஆதலின், விடியற்காலையில் பால் வந்து சேரும் இடந்தோறும் பால்மானி ஒன்று இருக்கக் காண்கிறோம். நற்பாலில் உயர்ந்து மிதக்கும் அச்சிறு கண்ணாடிக் கருவி, நீர் கலந்த பாலில் தாழ்ந்து அமிழ்ந்து உண்மையைக் காட்டிவிடுகின்றது. பால்மானி வைத்திருப்பவரை நோக்கி, 'ஐயா, நீர் இக்கருவியை வைத்திருத்தலால் கலப்படத்திற்கு உடந்தையாகின்றீர்' என்று கூறுவார் உலகில் எவருமிலர். கூறின் நகைப்புக்கே இடமாகும்.

ஆயினும், இதே வாதம் வேறொரு பொருளைப் பற்றி எழுங்கால் நாம் நகைப்பதில்லை, தலையசைத்து ஏற்றுக்கொள்ளுகிறோம். கள்ளத்தனமாக விற்கப்படும் சாராயத்திலும் போதை மருந்துகளிலும் கொல்லும் நஞ்சு கலந்துள்ளதா என்று அறிவிக்கும் கருவிகள் உலகில் உள்ளன. அவற்றை, அப்பொருளை உட்கொண்டு மடிவோர் கைக்கு எட்டும்படி சட்டம் அனுமதிக்கலாமா என்பது இக்காலத்தில் பல நாடுகளிலும் ஆராயப்பட்டு வரும் வினா. அதனை நமது இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்கும், நமது கலாசாலையின் பழைய மாணவர்களுக்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஒன்று கூறிவிடுவது நலம். போதையை நாம் ஆதரிப்பவரல்லேம். கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த மொழி நமது மொழி. மதுவிலக்கைத் தன் திருப்பணிகளுள் ஒன்றாகக் கொண்டது நமது மிஷன் மரபு. மேலும், 1949 முதல் 1952 வரை சென்னை இராஜ்யத்தின் முதன்மை அமைச்சராயிருந்த ஸ்ரீ பூ. ச. குமாரசாமி ராஜா அவர்கள் இராஜபாளையத்தைச் சேர்ந்தவர். காந்தியடிகளின் நெறி நின்றவர். 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜி தொடங்கியதும், 1948 அக்டோபர் 2ஆம் தேதி ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதிலும் பரவியதுமாகிய பூரண மதுவிலக்கு அமலில் இருந்த நாட்களே அவர் ஆண்ட நாட்கள். இத்தகைய மரபிலே வந்த நாம் கேட்கும் வினா, 'குடிக்கலாமா?' என்பதன்று, 'குடித்தவன் சாகத்தான் வேண்டுமா?' என்பதேயாம்.

கருணாபுரம் கற்பித்த பாடம்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரைச் சார்ந்த கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அருந்தியோர் கூட்டங்கூட்டமாக நோயுற்றனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆகிய ஊர்களின் வைத்தியசாலைகள் அவர்களால் நிரம்பின. 65 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெண்களும் இருந்தனர். பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து உண்ணும் ஏழைகள். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு ஜில்லாவிலும் இருபதுக்கு மேற்பட்டோர் இதே முறையில் மாண்டிருந்தனர். 2001 நவம்பரில் கடலூர் ஜில்லாவில் ஐம்பது உயிர்களுக்குமேல் மடிந்ததும் இதே நஞ்சினாலேதான்.

அந்நஞ்சு யாது? அதன் பெயர் மெத்தனால். வர்ணமும், பிசினும், பலவகை இரசாயனப் பொருள்களும் செய்யும் தொழிற்சாலைகளுக்கு இன்றியமையாத திரவம் அது. மதுவிலுள்ள சாராயச் சத்தாகிய எத்தனாலுக்கு அது உடன்பிறந்தது போன்றது. நிறமில்லை, மணமும் சுவையும் ஏறக்குறைய ஒன்றே, கிளர்ச்சியும் ஒருவாறு ஒத்ததே. விலையோ மலிவு. ஆதலின், பேராசை கொண்ட வியாபாரி அதனைச் சாராயத்துடன் கலக்கின்றான். சிற்சில வேளைகளில் தான் வாங்கி விற்பது இன்னதென்று அறியாமலே விற்கின்றான்.

உடலினுட் சென்றபின்னர்த்தான் இரண்டிற்குமுள்ள பேதம் வெளிப்படுகின்றது. கல்லீரலிலுள்ள ஒரு நொதிப்பொருள் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடு என்னும் பொருளாக மாற்றுகின்றது; அது பின்னர் ஃபார்மிக் அமிலமாக மாறுகின்றது. இவ்வமிலமே கண்ணின் நரம்பைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கின்றது. இரத்தத்தைப் புளிக்கச் செய்து மூச்சையும் மூளையையும் தாக்குகின்றது. சுமார் 10 மில்லிலிட்டர் தூய மெத்தனால் ஒருவனைக் குருடனாக்கலாம். 30 மில்லிலிட்டர் உயிரைக் கொள்ளலாம். இரண்டு மேசைக்கரண்டியளவு திரவத்திற்கு இத்துணை வலிமை!

இம்மாற்றம் உடனே நிகழ்வதன்று என்பதை வாசகர்கள் நன்கு கவனிக்கவேண்டும். குடித்தவனுக்குப் பன்னிரண்டு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம்வரை யாதொரு கேடும் தோன்றாமலிருக்கலாம். எத்தனாலும் கலந்திருப்பின் இன்னும் தாமதிக்கலாம். இதனால் இரண்டு விபரீதங்கள் விளைகின்றன. முதலாவது, 'அவன் நேற்றுக் குடித்தான், நன்றாகத்தானே இருக்கிறான்' என்று கண்டு மற்றவரும் அதே சரக்கைக் குடிக்கின்றனர். பண்டை அரசர் உணவைச் சேவகன் உண்டு காட்டிய பின்னரே உண்பர் என்று கதைகளிற் படிக்கிறோம். மெத்தனால் விஷயத்தில் அப்பரீட்சை ஒரு சிறிதும் உதவாது. இரண்டாவது, வயிற்றுவலியும் வாந்தியும் கண்மங்கலும் தோன்றும்போது குடித்தவன் அதனை வெறியின் எச்சமென்றே எண்ணி வீட்டில் படுத்துவிடுகின்றான். வைத்தியசாலைக்குச் சென்றால் போலீசார் கேட்பரோ என்ற அச்சமும் அவனைத் தடுக்கின்றது.

இத்தனைக்கும் இந்நஞ்சிற்கு மாற்று உண்டு. மேற்சொன்ன நொதிப்பொருளைத் தடுத்து நிறுத்தும் ஃபோமெபிசோல் என்ற மருந்து ஒன்று. அஃதில்லாவிடத்து வைத்தியர் அளவறிந்து கொடுக்கும் எத்தனால் மற்றொன்று. இரத்தத்தைச் சுத்திசெய்யும் டயாலிசிஸ் முறை வேறொன்று. இவையனைத்தும் அமிலம் மிகுமுன் தொடங்கினாற்றான் முழுப்பயன் தரும். எனவே, சாவுக்கும் பிழைப்புக்கும் இடையே நிற்பது சில மணி நேரமே. அந்நேரத்திற்குள் 'இந்தச் சரக்கில் மெத்தனால் உண்டு' என்ற ஒரு வாக்கியம் தெருவுக்குத் தெரிந்துவிட்டால் எத்தனையோ பேர் பிழைப்பர். அவ்வாக்கியத்தைச் சொல்வதே நஞ்சறி கருவியின் வேலை.

கருவிகளின் இயல்பு

நாட்டுப்புறத்தில் சாராயத்தைச் சோதிக்கப் பல முறைகள் கூறுவர். தீயிலிட்டுச் சுடரின் நிறத்தைப் பார்த்தல், உள்ளங்கையில் தேய்த்து முகர்தல் முதலியன அவை. இவற்றுள் ஒன்றும் நம்பத்தக்கதன்று. மெத்தனாலும் எத்தனாலும் கலந்திருக்குங்கால் சுடரைக்கொண்டு பகுத்தறிய இயலாது. இரசாயன நூல் காட்டும் வழி வேறு. சில துளி சாராயத்தைப் பர்மாங்கனேட்டு உப்புடன் சேர்த்தால் மெத்தனால் ஃபார்மால்டிஹைடாக மாறும். மிகுந்த பர்மாங்கனேட்டின் நிறத்தை நீக்கியபின் குரோமோட்ரோபிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்க்க, ஊதா நிறம் தோன்றும். நமது கலாசாலை இரசாயனசாலையில் இளங்கலை மாணவன் ஒருவன் ஆசிரியர் முன்னிலையில் செய்யத்தக்க சோதனையே இது. ஆயினும் வீரிய அமிலத்தைக் கையாளுதலின் பயிற்சியுள்ள கையே வேண்டும். அன்றியும், பழங்களினின்று வடித்த மதுவில் இயற்கையாகவே சிறிது மெத்தனால் இருத்தல் உண்டு. ஆகவே 'உளதா' என்பதோடு 'எவ்வளவு' என்பதையும் ஆராய்தல் அவசியம்.

போதை மருந்துகளுக்கும் இவ்வாறே நிறச்சோதனைகள் உள. கந்தக அமிலத்தில் ஃபார்மால்டிஹைடு சேர்த்த மார்க்விஸ் திரவம் அபினிச் சத்துக்களுடன் ஊதா நிறமும், ஆம்பிடமின் வகைகளுடன் செம்மஞ்சளும் பழுப்புமான நிறமும் காட்டும். மேல்நாடுகளில் ஃபெண்டனில் என்னும் மருந்து வந்த பின்னர்க் காகிதச் சோதனைப் பட்டைகள் பரவின. ஃபெண்டனில் மார்பினைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு வலிமையுடையது; இரண்டு மில்லிகிராம், அஃதாவது சில உப்புக்கற்களின் அளவு, பழக்கமில்லாதவனைக் கொல்லக்கூடும். பொருளைச் சிறிது நீரிற் கரைத்து அதில் பட்டையைத் தோய்க்கவேண்டும். ஒரு கோடு தோன்றின் நஞ்சு உண்டு. இரண்டு கோடுகள் தோன்றின் நஞ்சு காணப்படவில்லை. கருவுற்றதை அறியும் பட்டைக்கு நேர் மாறானது இது.

இக்கருவிகளுக்கும் எல்லை உண்டு என்பதை மறைத்தலாகாது. பட்டை, இருப்பதைச் சொல்லுமேயன்றி அளவைச் சொல்லாது. ஒரு பொட்டலத்தின் ஒரு மூலையில் இல்லாத நஞ்சு மற்றொரு மூலையில் இருக்கலாம். தேடாத நஞ்சை எந்தக் கருவியும் காட்டாது. பால்மானியை ஏமாற்ற நீருடன் சர்க்கரையும் கலப்பவர் உண்டென்பதைப் பாற்காரர் அறிவர். ஆதலாலேயே பால்மானியோடு நில்லாமல் வேறு சோதனைகளும் செய்கின்றனர். அவ்வாறே, நேர்மையான நஞ்சுச் சோதகர் ஒருவர் 'இது பத்திரமானது' என்று ஒருபோதும் கூறார். 'நான் தேடிய நஞ்சு இதில் தென்படவில்லை. ஆயினும் ஆபத்து நீங்கவில்லை' என்றே கூறுவர். இச்சொல் வேறுபாட்டிலேயே இம்முறையின் நாணயம் முழுவதும் அடங்கியுள்ளது.

பிற நாட்டார் அநுபவம்

நெதர்லாந்து தேசத்தில் 1992ஆம் ஆண்டு முதல் அரசாங்க ஆதரவில் போதைப்பொருட் சோதனை அமைப்பு நடந்து வருகின்றது. இரகசியமாகக் கொணர்ந்து கொடுக்கும் மாத்திரையைச் சோதித்து, கொடுத்தவருக்கு விடை கூறுவர். மிகக் கொடிய நஞ்சாயின் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுவர். 2014 டிசம்பரில் 'சூப்பர்மேன்' முத்திரை பொறித்த ஒரு மாத்திரை அங்கே சோதனைக்கு வந்தது. உள்ளிருந்தது எதிர்பார்த்த மருந்தன்று, பி.எம்.எம்.ஏ. என்னும் கொடிய பொருள். அது மெல்ல ஏறுவது. ஆதலின் 'மருந்து வலிமையற்றது' என்றெண்ணி இரண்டாம் மாத்திரையை விழுங்குபவன் மடிவான். உடனே நாடெங்கும் எச்சரிக்கை பரவியது. அங்கு ஓருயிரும் போகவில்லை. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் அத்தகைய பொதுச்சோதனை அமைப்பு அன்று இல்லை. சில நாட்களுள் அதே முத்திரை மாத்திரையால் அங்கே நால்வர் மாண்டனர். மாத்திரை ஒன்றே, கடலின் இருகரையிலும் இருந்த சட்டமும் ஏற்பாடுமே வேறு.

நியூஜீலந்து தேசம் 2020 டிசம்பரில் தற்காலிகச் சட்டத்தாலும், 2021இல் நிலையான சட்டத்தாலும் இச்சோதனையை முற்றும் சட்டபூர்வமாக்கியது. இவ்வாறு வெளிப்படையாகச் சட்டமியற்றிய முதல் நாடு அதுவே. ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய கான்பெர்ராவில் 2018இல் ஓர் இசைவிழாவில் பரீட்சார்த்தமாக நடந்தது, 2022 முதல் நிலையான சோதனைச்சாலையாகவும் திறக்கப்பட்டது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு விநோதமானது. அங்குப் பல இராஜ்யங்களில் போதைக்குரிய சாதனங்களை வைத்திருத்தலே குற்றம். அவ்விதிகளில், உட்கொள்ளும் குழாயோடு சோதிக்கும் கருவியும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. உயிரைக் காக்கும் காகிதப் பட்டையும் உயிரைப் போக்கும் ஊசியும் ஒரே பட்டியலில் நின்றன! போதை மிகுதியால் ஆண்டுக்கு ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் மடிந்த 2021, 2022ஆம் ஆண்டுகளில்தான் இப்பிழையின் கொடுமை பலருக்கும் விளங்கியது. 2021 ஏப்ரலில் மத்திய அரசாங்கமே தன் நிதியைக்கொண்டு பட்டைகள் வாங்க அனுமதித்தது. பின்னர்ப் பெரும்பாலான இராஜ்யங்கள் தங்கள் பட்டியலிலிருந்து அப்பட்டையை நீக்கின.

நமது சட்டம் நிற்குமிடம்

நமது நாட்டில் போதைப்பொருள்களை ஆள்வது 1985ஆம் ஆண்டின் சட்டம். தமிழ்நாட்டில் சாராயத்தை ஆள்வது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். இரண்டிலும் கைவசம் வைத்திருத்தல் குற்றம், உட்கொள்ளுதலும் குற்றம். ஆனால், அமெரிக்க விதிகளைப் போல் சோதனைக் கருவியைப் பெயர் சொல்லித் தண்டிக்கும் தனிப்பிரிவு 1985ஆம் ஆண்டின் சட்டத்தில் இல்லை. அங்ஙனமாயின் இடர் எங்கே உளது?

இடர் கருவியிலன்று, மாதிரியில் உளது. கருணாபுரத்துப் பெண்ணொருத்தி தன் கணவன் மீதிவைத்த சாராயப் பையைச் சோதனைக்கு எடுத்து வருகின்றாள் என்று கொள்வோம். வழியெல்லாம் அவள் சட்டத்தின் முன் கள்ளச்சாராயம் வைத்திருப்பவள். அதனைக் கைநீட்டி வாங்கும் செவிலியும் அவ்வாறே. சோதித்து விடை கூறுபவரைக் குற்றத்திற்கு உடந்தை என்று ஒருவன் வழக்காடவும் கூடும். ஆகவே கருவி கடையிற் கிடைப்பினும், அதனைத் தொடும் கைகள் அஞ்சுகின்றன. நம்மிடத்தில் சட்டபூர்வமாக்கவேண்டுவது கருவியை மாத்திரமன்று. கருவியைத் தொடும் கைகளையுமாம்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. போதைப்பொருளைப் பிடிக்கச் செல்லும் அதிகாரிகளிடம் அப்பொருளை உடனே அறியும் இரசாயனப் பெட்டி உண்டு. குற்றவாளியைச் சிறையிலிட உதவும் அவ்வறிவு, மரணத்தின் வாயிலில் நிற்பவனுக்கு மாத்திரம் மறுக்கப்படுவது என்ன நியாயம்?

'உட்கொள்ளுதல் குற்றமாயிருக்க, அதனைச் சோதிக்க அனுமதிப்பது முரணன்றோ?' என்பர் சிலர். இம்முரண் நம் நாட்டிற்குப் புதிதன்று. எய்ட்ஸ் நோய்க்கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், ஊசியால் போதை ஏற்றிக்கொள்வோருக்குத் தூய ஊசிகளையும் மாற்று மருந்தையும் நமது அரசாங்கமே பல்லாண்டுகளாக வழங்கி வருகின்றது. ஊசி கொடுப்பது போதையை வளர்க்க அன்று; நோய் பரவாமல் தடுக்கவே என்பது அதன் கொள்கை. அவ்வாறே, 1985ஆம் ஆண்டின் சட்டத்திலேயே, தாமாக வைத்தியத்திற்கு வரும் போதையடிமைகளை வழக்கிலிருந்து விடுவிக்கும் பிரிவும் உளது. சோதனைக்கு வருபவனுக்கும் அவ்விரக்கத்தைச் சிறிது நீட்டுவதே நாம் வேண்டுவது.

சோதனையின் பயனைக் குறித்து நம் மாகாணத்திலேயே நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கலாசாலையில் மாணவியாயிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா, தம் ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் ஆலோசனைப்படி, சட்டத்தால் பிடிக்கப்பட்டுக் காவலில் இருந்த விலைமாதர் சிலரின் இரத்த மாதிரிகளைச் சேர்த்தார். அன்று சென்னையில் அதனைச் சோதிக்கும் வசதி இல்லை. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கலாசாலைக்குக் கொண்டு சென்றார். ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய அந்த மிஷன் ஸ்தாபனத்தின் கருவியே இந்நாட்டில் எய்ட்ஸ் கிருமி உண்டென்பதை முதன்முதல் காட்டியது. 'இவர்கள் ஒழுக்கங்கெட்டவர், இவர்கள் இரத்தத்தை ஏன் சோதிக்கவேண்டும்?' என்று அன்று ஒருவர் தடுத்திருப்பின், அவ்வறிவு எத்தனை ஆண்டு தாமதித்திருக்குமோ!

ஆட்சேபங்களும் சமாதானங்களும்

முதல் ஆட்சேபம்: கருவி கிடைத்தால் அஞ்சி விலகியிருப்போரும் துணிந்து குடிப்பர் என்பது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயங்களுக்குக் கட்டும் துணி நெய்யும் தறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அத்துணி மலிவாகக் கிடைப்பதனால் மக்கள் விரலை வெட்டிக்கொள்வதுண்டோ? பட்டாசுத் தொழில் மிகுந்த சிவகாசியில் தீயணைக்கும் வண்டி நிற்பதனால் தீ மிகுந்ததுண்டோ? அன்றியும், குடித்துச் செத்தவர் அனைவரும் ஆபத்தை அறியாதவரல்லர். 2001இன் செய்தியைக் கேட்டும் 2023இல் குடித்தனர். 2023இன் செய்தியைக் கேட்டும் 2024இல் குடித்தனர். அச்சத்தினால் மாத்திரம் நிற்கும் வேட்கையாயின் என்றோ நின்றிருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம்: கள்ள வியாபாரியே இக்கருவியால் தன் சரக்கைச் சோதித்து, 'நற்சாராயம்' என்று விளம்பரஞ் செய்வான் என்பது. இது சற்றே வலிய ஆட்சேபம். ஆதலாலேதான் விற்பவனுக்குள்ள தண்டனையைக் குறைக்கும்படி நாம் கூறவில்லை. 2024இல் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிர்ச்சேதம் விளைத்தவனுக்கு ஆயுட்காலச் சிறையும் பெருந்தொகை அபராதமும் விதிக்கப்பட்டமை ஏற்புடையதே. ஆயினும் தண்டனை என்பது பிணம் வீழ்ந்த பின்னர் வருவது. சோதனை முன்னர் வருவது. பின்னதற்காக முன்னதைக் கைவிடலாகாது.

மூன்றாவது ஆட்சேபம்: பகல் முழுதும் உழைத்துக் களைத்த கூலியாள் சோதனைச்சாலையைத் தேடி வருவானா என்பது. வரமாட்டான் என்பதே உண்மை. இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவன் மனைவி வருவாள், தாய் வருவாள், தெருவிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுவினர் வருவர், வீடுதோறும் செல்லும் கிராமச் செவிலி கேட்டு வாங்குவாள். கள்ளச்சரக்கு ஒரே பீப்பாயிலிருந்து நூறு வீட்டிற்குச் செல்வது. ஒரு பையைச் சோதித்தால் நூறு வீட்டைச் சோதித்தவாறாம். மேலும், நோயுற்றவன் குடித்த மிச்சத்தைச் சோதித்தால் வைத்தியர் ஐயத்தில் நேரங்கழியாமல் மாற்று மருந்தைத் தொடங்கலாம்.

இராஜபாளையத்தின் பெயரை உலகறியச் செய்தது அவ்வூர் வெண்ணிறக் காவல் நாய். இரவில் அது குரைப்பது திருடனை வரவேற்க அன்று, உறங்குபவனை எழுப்பவே. குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டு, 'எங்கள் வீட்டில் திருட்டே இல்லை' என்று மகிழ்பவனைப் போன்றது, நஞ்சறி கருவியை விலக்கிவிட்டு நல்லொழுக்கத்தைப் பேசுவது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால் விளங்கும் வேண்டுகோள் பெரிதன்று. சோதனைக்கென மிகச் சிறு அளவு மாதிரியைக் கொணர்பவர் மீதும், அதனை வாங்கிச் சோதிக்கும் செவிலி, மருந்தாளர், ஆசிரியர் மீதும் வழக்கில்லை என்று சட்டம் தெளிவாகச் சொல்லவேண்டும். அவர் சொன்ன பெயரும் ஊரும் அவருக்கெதிராகச் சாட்சியாகலாகாது. ஆரம்பச் சுகாதார நிலையங்களில் நிறச்சோதனைப் பெட்டியும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருத்தல் வேண்டும். ஐயமுள்ள மாதிரியை ஜில்லாத் தலைநகரிலுள்ள ஆய்வுக்கூடம் அன்றே அளந்து கூறவேண்டும். நஞ்சு உறுதியாயின் அச்செய்தி தண்டோரா முதல் கைத்தொலைபேசி வரை எல்லா வழியாலும் அன்றிரவே தெருவை எட்டவேண்டும். சோதனைக்கு வந்தவனைக் கடிந்தனுப்பாமல், போதையினின்று மீளும் வழியை அவனிடம் கனிவுடன் கூறவேண்டும். வேறெங்கும் வாராதவன் வந்த இடமாதலின், அவனை மீட்பதற்கு அதனினும் தக்க தருணம் வாய்ப்பதரிது.

சட்டம் மாறும்வரை நாம் வாளாவிருத்தல் வேண்டா. சாராயம் அருந்திய ஒருவருக்கு மறுநாள் கண் மங்கினாலும், பனிமூட்டம் போலத் தோன்றினாலும், வயிறு கடுத்து மூச்சு வாங்கினாலும், அஃது எஞ்சிய வெறியென்று எண்ணற்க. உடனே 108 வண்டியை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. குடித்ததை மறையாது கூறுக. மிச்சமிருக்கும் பையையோ புட்டியையோ வைத்தியரிடம் காட்டுக. மேலும் சாராயம் கொடுத்தால் முறியும் என்று வீட்டிலேயே வைத்தியம் செய்தலாகாது. அளவறியாத மருந்தும் நஞ்சே. உடன் குடித்தவர் நலமாகத் தோன்றினும் அவரையும் அழைத்துச் செல்க. போதையினின்று மீள விழைவோர் 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியன், 'நீ ஏன் இவ்வழியே வந்தாய்?' என்று கேட்டதாக நமது வேதாகமம் கூறவில்லை. முதலில் காயத்தைக் கட்டினான், வாகனத்தில் ஏற்றினான், செலவுக்குப் பணமும் கொடுத்தான். வினவுதற்கும் புத்தி புகட்டுதற்கும் அவன் உயிரோடிருத்தல் வேண்டுமன்றோ? இறந்தவன் திருந்துவதில்லை. போதையை ஒழிக்க வேண்டுமென்று உண்மையாகவே விரும்புபவர், அதில் வீழ்ந்தவனை நாளைவரை உயிரோடு வைத்திருக்கும் வழியையும் விரும்பக் கடமைப்பட்டவராவர். இரசாயனசாலையில் நிறமாறும் குழாயைக் கண்டு வியக்கும் நமது மாணவர்கள், அந்நிறமாற்றம் எங்கோ ஒரு குடிசையில் ஒரு குழந்தையின் தந்தையைக் காக்கக்கூடும் என்பதையும் சிந்தித்து, தாம் கற்ற கல்வியை அவ்வழியிற் பயன்படுத்துவாராக.